தோட்டம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பெரிய தக்காளி விதை வாங்கி வீட்டு முன்பாத்தியில் போட்டேன். பூவெல்லாம் கொட்டிவிடுகிறது. இரண்டு செடிகள் இலை பச்சையாக இருக்கும்போதே வாடிச் செத்துவிட்டன. வேறு எந்த ரகம் வைக்கலாம்?
– வாசகி, செந்தூல்

பதில்: இரண்டும் வெவ்வேறு கோளாறு. பூ கொட்டுவது இரவுச் சூட்டால். பெரிய தக்காளி ரகங்கள் பலவற்றுக்கு இரவில் 21 டிகிரி செல்சியஸை ஒட்டி இறங்கினால்தான் காய் ஒழுங்காகப் பிடிக்கும். கோலாலம்பூரில் விடியற்காலையில்கூட 24 டிகிரிதான். மகரந்தம் கெட்டு, பூ காம்போடு விழுகிறது. உரத்தைக் கூட்டினால் இலைதான் தழைக்கும். குளிரான கேமரன் மலையில் காய்ப்பதெல்லாம் செந்தூலிலும் காய்க்கும் என்று நினைக்க வேண்டாம். பாக்கெட்டில் மலாயில் 'தானா ரெண்டா' (தாழ்நிலம்) என்று போட்ட தாழ்நில ரகமாகப் பாருங்கள். செர்ரி தக்காளி இந்தச் சூட்டிலும் ஓரளவு காய்க்கும்.

செடி வாடியது பெரும்பாலும் பாக்டீரியா வாடல் நோய். உறுதி செய்ய, வாடிய தண்டை அடியில் அறுத்து, ஒரு கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீர் ஊற்றி, வெட்டுவாய் மட்டும் நீரில் படும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் போல வெள்ளை இழை இறங்கினால் அதேதான். இதற்கு மருந்து கிடையாது. கிருமி மண்ணில் பல ஆண்டு தங்கும். கத்தரி, மிளகாயையும் தாக்கும். அதனால் அந்தப் பாத்தியில் வெண்டை, பயற்றங்காய், பீர்க்கு போடுங்கள். தக்காளிதான் வேண்டுமென்றால் புது மண் நிரப்பிய தொட்டியில், தரையில் படாமல் செங்கல் மேல் வையுங்கள்.

இல்லாவிட்டால் வாடலைத் தாங்கும் கத்தரி நாற்றில் தக்காளியை ஒட்டலாம். கத்தரி மெதுவாக வளரும். சில நாள் முன்பே விதைத்துவிடுங்கள். இரண்டின் தண்டும் ஒரே பருமனானதும் சாய்வாக வெட்டிச் சேர்த்து, கிளிப் போட்டு, ஒரு வாரம் நிழலில் ஈரம் குறையாமல் மூடி வையுங்கள். நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலேயே இருக்கட்டும். புதைந்தால் தக்காளி சொந்த வேர் விட்டு, மறுபடி நோய் ஏறிவிடும். பலர் சறுக்குவது இங்கேதான்.

கேள்வி: கொண்டோ பால்கனியில் காலை வெயில் நாலு மணி நேரம்தான். மிளகாய் வைக்கலாமா?
– வாசகர், செராஸ்

பதில்: நாலு மணி நேர வெயிலில் பெரிய சிவப்பு மிளகாய் காய்ப்பு குறைவு. மழை நாட்களில் பழத்தில் கரும்புள்ளி விழுந்து அழுகவும் செய்யும். சிலி பாடி என்கிற சின்னக் காரமிளகாய் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். 12 அங்குலத் தொட்டிக்கு ஒரு செடி போதும். ஆனால் அந்த வெயிலுக்கு ஏற்றது கீரைதான். கங்கோங் கீரையில் மூங்கில் இலை போல ஒடுங்கிய இலை ரகத்தை வாங்குங்கள். அகல இலை ரகம் நீரில் வளர்வது, தொட்டிக்கு ஒத்துவராது. 3, 4 வாரத்தில் அறுவடை. அடியில் இரண்டு கணு விட்டு நறுக்கினால் மறுபடி துளிர்க்கும். தண்டுக்கீரையை நெருக்கமாக விதைத்து, பிஞ்சிலேயே வேரோடு பிடுங்கிச் சமையுங்கள்.

கேள்வி: தமிழ்நாட்டுக்குப் போகிறவர்களிடம் முருங்கை, கத்தரி விதை சொல்லி அனுப்பலாமா?
– வாசகி, கெப்போங்

பதில்: அனுமதிச் சீட்டு இல்லாமல் மலேசியாவுக்குள் விதை கொண்டுவருவது சட்டப்படி தவறு. பையில் மறைத்துக் கொண்டுவர வேண்டாம். கத்தரியில் உள்ளூர் நீளக் கத்தரியே இந்த ஈரத்துக்குப் பழகியது. முருங்கைக்கு உள்ளூர் மரத்தின் குச்சி போதும். அடியில் நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். முக்கால் முழம் மண் மேடு கட்டி நடுங்கள். முக்கால் மீட்டர் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வரும். தொடர் மழையில் பூ கொட்டும், காய் குறையும். கீரைக்காகவே வளர்ப்பதானால் அந்தக் கவலை இல்லை.

கேள்வி: கடை வெண்டை விதையில் வந்த காயிலிருந்து விதை எடுக்கலாமா?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: பாக்கெட்டில் எஃப்1 (கலப்பின விதை) என்று இருந்தால் வேண்டாம், அடுத்த தலைமுறை ஒரே மாதிரி வராது. அது இல்லாத ரகமானால், நல்ல செடியில் இரண்டு காயைப் பறிக்காமல் காய விடுங்கள். பழுப்பாகி வெடிக்கத் தொடங்கும்போது எடுத்து, நிழலில் உலர்த்தி, காற்றுப் புகாத போத்தலில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.