எந்த வருஷத்திலிருந்து நம்மை எண்ணுவது?

பங்குனி உத்திரத்துக்குக் கூடியபோது பிள்ளைகள் கேட்டவை சில, பிறகு எழுதி அனுப்பியவை சில. முப்பது வருஷமாகப் பர்மாவில், ரங்கூனில், நம் தமிழ் ஆட்களுக்குக் குடியுரிமை மனு எழுதிக் கொடுக்கிறேன். அதில் தெரிந்துகொண்டதை வைத்துச் சொல்கிறேன்.

மோல்மேனிலிருந்து ஒரு மாணவி: ஐயா, குடியுரிமை என்றாலே 1823 என்கிறார்களே, அது என்ன கணக்கு?

ஆங்கிலேயரோடு முதல் போர் மூண்டது 1824-இல். அதற்கு முந்தைய வருஷமான 1823-க்கு முன்பே இங்கே வேரூன்றிவிட்ட இனங்கள்தான் ‘தைன்யிந்தா’, மண்ணின் மக்கள் என்று 1982 குடியுரிமைச் சட்டம் கோடு போட்டது. அரசுப் பட்டியலில் 135 இனங்கள் உண்டு, தமிழர் இல்லை. நம் முன்னோரில் பெரும்பாலோர் அதற்குப் பிறகு, ஐராவதி டெல்டாவில் நெல் பெருகிய காலத்தில், நாற்று நடவும் மூட்டை தூக்கவும் கப்பலேறி வந்தவர்கள். வெள்ளைக்காரன் காலத்தில் வந்தவன் வெள்ளைக்காரனின் ஆள் என்பது அந்தக் கோட்டுக்குள் இருக்கிற எண்ணம். அடிமைப்பட்ட வலி நிஜம், அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் கூலிக்கு வந்தவனும் அதே வெள்ளைக்காரனின் பிடியில் இருந்தவன்தானே அம்மா.

பெகுவிலிருந்து ஒரு தம்பி: என் குடியுரிமை அட்டை ரோஸ், மாமா அட்டை நீலம். என்ன வித்தியாசம், அண்ணே?

அட்டை எண்ணை உற்றுப் பார். முதலில் மாநில எண் (ரங்கூனுக்கு 12, மோன் மாநிலத்துக்கு 10), அடுத்து டவுன்ஷிப் எழுத்து, பிறகு அடைப்புக்குறிக்குள் ஒரு சின்ன எழுத்து. ரோஸ் அட்டையில் அது ‘நைங்’, முழுக் குடிமகன். பச்சையில் ‘பியு’, குடியுரிமை கொடுக்கப்பட்டவர். நீலத்தில் ‘ஏ’. பர்மியில் ‘ஏ’ என்றால் விருந்தாளி. 1948 குடியுரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போட்டு, முடிவு வராமல் நின்றவர்களுக்குக் கொடுத்த வகை அது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள் நம் வீட்டில். இங்கே பிறந்து, இங்கே உழைத்து, இங்கே பேரன் எடுத்தவரை விருந்தாளி என்று அட்டையில் எழுதுவதை நான் ஒருபோதும் ஏற்கவில்லை.

உன் ரோஸ் அட்டையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. அரசின் நலன் கருதிக் குடியுரிமையை ரத்து செய்யலாம் என்று 1982 சட்டத்தின் 8-ஆம் பிரிவு சொல்கிறது. பிறப்பால் குடிமக்களானவர்களுக்கு மட்டும் அதில் விலக்கு. பிறப்பால் என்பதற்கு அந்தச் சட்டத்தில் தைன்யிந்தா என்றுதான் பொருள். அட்டை நிறம் ஒன்றாக இருந்தாலும் உன் கூட்டாளி பர்மியனுக்கும் உனக்கும் நடுவில் இந்த ஒரு வரி நிற்கிறது.

சிரியத்திலிருந்து ஒருவர்: செட்டியார் நிலத்தைச் சுருட்டினார்கள் என்று இன்றும் பேசுகிறார்களே. என்ன சொல்வது?

நடந்ததைச் சொல்லுங்கள். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார் கையில் இருந்தது சுமார் 6 சதவீத நிலம். 1938-இல் அது 25 சதவீதமானது. உலக மந்தத்தில் நெல் விலை விழுந்து, செட்டியாரிடம் வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் உழவன் நிலத்தை இழந்தான். அவன் கண்ணீருக்கு மரியாதை கொடுக்க வேண்டும். அப்புறம் இதையும் சொல்லுங்கள்: அந்த நிலத்தில் கூலிக்கு உழைத்த தமிழனுக்கு ஒரு காணிகூடக் கிடையாது. 1948-இல் நிலத்தையும், 1964-இல் கடைகளையும் அரசே எடுத்துக்கொண்டது. லட்சக்கணக்கானவர்கள் கப்பலேறினார்கள். அந்தக் கணக்கை இன்னும் நம் பேரப்பிள்ளைகளிடம் வசூலிப்பது நியாயம் இல்லை.

ரங்கூன், கல்லூரி மாணவர்: நாடு பெரியதாக, பெருமையாக இருக்க வேண்டும் என்றால் இனம் கலக்கக் கூடாது என்கிறான் நண்பன்.

குடிவரவுத் துறையின் வாசகத்தைப் பார்த்திருப்பாய். ‘மண் விழுங்கி இனம் அழியாது, மனிதர் விழுங்கினால்தான் இனம் அழியும்.’ பர்மியில் விழுங்குவதும் ‘மியோ’, இனமும் ‘லூமியோ’, அதனால் நாக்கில் ஒட்டிக்கொள்கிறது. அழகான சொல்விளையாட்டு, ஆனால் மனு கொடுக்க வந்து நிற்கிற கிழவியை விழுங்க வந்தவளாக்குகிறது.

நண்பனைக் கையோடு ஷ்வேடகோன் பகோடா பக்கம் தியாகிகள் நினைவிடத்துக்குக் கூட்டிப் போ. 1947 ஜூலை 19 அன்று விடுதலைத் தலைவர் ஜெனரல் அவுங் சானோடு சுடப்பட்டவர்களில் ஊ ரசாக் ஒருவர். அமைச்சர், மாண்டலேயில் பள்ளி நடத்தியவர். அப்பா இந்திய முஸ்லிம், அம்மா பர்மியர். நாடு வருஷா வருஷம் தலைகுனிந்து வணங்கும் மனிதர். அவர் எந்த இனம் என்று நண்பனிடமே கேள். நாட்டின் பெருமை என்று அவன் சொல்வதில் பாதி கலந்த ரத்தம்தான்.

மோல்மேனிலிருந்து இன்னொருவர்: ரக்கைன் மாநிலத்து ரோஹிங்கியா முஸ்லிம்கள் விஷயத்தில் நாம் வாய் திறக்காமல் இருப்பதுதானே நல்லது?

பயம் புரிகிறது. ஆனால் 2010 தேர்தலில் ஓட்டுப் போட்ட அவர்களின் வெள்ளை அட்டை, அதாவது தற்காலிக அடையாள அட்டை, 2015 மார்ச் 31-உடன் செல்லாமல் போனது. 2017-இல் ஏழு லட்சம் பேருக்கு மேல் பங்களாதேஷுக்கு ஓடினார்கள். அவர்களை வெளியே நிறுத்தியதும் அதே 1823, அதே 135. நமக்கும் அவர்களுக்கும் சட்டம் ஒரே புத்தகம். அந்தப் பக்கத்தைப் படிக்காமல் தாண்ட எனக்கு மனம் ஒப்பவில்லை.

பேசாமல் இந்தியாவுக்கே போய்விடலாமா? (பெயர் வேண்டாம் என்கிறார்)

64-இல் போனவர்களை இன்றும் அங்கே பர்மாக்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

தட்டோனிலிருந்து ஒரு அக்கா: பிள்ளைக்கு அட்டை எடுக்க வேண்டும். என்ன காகிதம் வேண்டும்?

முதலில் வீட்டுக் குடும்பப் பட்டியல். அப்புறம் பெட்டியின் அடியில் தேடுங்கள் அக்கா, 1982-க்கு முந்தைய மூன்று மடிப்பு தேசியப் பதிவு அட்டை இருக்கும்: ஆண்களுக்குப் பச்சை, பெண்களுக்கு ரோஸ். 1982 அக்டோபர் 15 அன்று ஏற்கெனவே குடிமகனாக இருந்தவர் குடிமகனே என்று 6-ஆம் பிரிவு சொல்கிறது. அப்பாவோ தாத்தாவோ அந்த அட்டை வைத்திருந்தால் அது பெரிய பலம். நீல அட்டைக் குடும்பம் என்றாலும் மூன்றாம் தலைமுறைக்கு முழுக் குடியுரிமை உண்டு. அதைத் தெரியாமலே பலர் பிள்ளைகளுக்கும் நீலம் கேட்டு எழுதிவிடுகிறார்கள்.

என் தாத்தா 1948-இல் மனுப் போடவில்லை. ‘இங்கேதானே இருக்கிறேன், எதற்கு மனு?’ என்றாராம். அப்பா பிறந்த ஊரிலேயே வெளிநாட்டார் பதிவுச் சீட்டோடு செத்தார். அதனால் சொல்கிறேன், அந்தப் பெட்டியை இன்றைக்கே இறக்குங்கள். மடிப்பு கிழிந்திருந்தால் பசை போடாமல் அப்படியே கொண்டு வாருங்கள், நகல் எடுத்துக்கொண்டு மனுவை நான் எழுதித் தருகிறேன்.