சிவப்பு மாளிகைக் கனவு: எந்தப் பொருளைக் கவனிப்பது, எதை விடுவது?

கேள்வி: ‘சிவப்பு மாளிகைக் கனவு’ என்ற சீன நாவலை டேவிட் ஹாக்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்துக்கொண்டிருக்கிறேன். முதல் தொகுதி முடிவதற்குள் ஜேட் கல், கண்ணாடி, பூ, கைக்குட்டை என்று எதைப் பார்த்தாலும் குறியீடாகத் தெரிகிறது. எல்லாவற்றையும் குறித்துவைக்க முடியவில்லை. எதைக் கவனிப்பது? கவிதைகளைத் தாண்டிப் போகலாமா?

பதில்: முதலில் அந்தப் பட்டியலைத் தூக்கிப் போடுங்கள். கண்ணாடி என்றால் மாயை, பூ என்றால் நிலையாமை என்று எழுதிவைத்தால் இந்த நாவலில் அதிக தூரம் போக முடியாது. ஒரு பொருள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது, எப்போது தொலைகிறது, யார் அதை எரிக்கிறார்கள் என்று பாருங்கள். ஆசிரியர் சாவ் ஷுவேசின் அர்த்தத்தை வைத்திருப்பது அங்கேதான். கதையின் முடிவு கொஞ்சம் வெளியே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். நாயகன் பாவ்யூ ஐந்தாம் அத்தியாயத்தில் காணும் கனவில், பெண்களின் விதியைச் சொல்லும் ஏடுகள் வழியாக, ஆசிரியரே பாதியைச் சொல்லிவிடுகிறார்.

இரண்டாம் தொகுதியில் வரும் ஓர் இடைக்கச்சையைச் சொல்கிறேன். 28ஆம் அத்தியாய விருந்தில் பாவ்யூவும் ஜியாங் யூஹான் என்ற நாடக நடிகனும் இடுப்பில் கட்டியிருந்த கச்சைகளை மாற்றிக்கொள்கிறார்கள். நடிகன் தருவது சிவப்பு. பாவ்யூ அவிழ்த்துக் கொடுக்கும் பச்சைக் கச்சையோ அவனுடையதே அல்ல, பணிப்பெண் ஷீரனுடையது (ஹாக்ஸில் அரோமா). வீட்டுக்கு வந்த பிறகுதான் அவனுக்கு உறைக்கிறது. அன்றிரவு அவள் தூங்கும்போது சிவப்புக் கச்சையை அவள் இடுப்பில் கட்டிவிடுகிறான். காலையில் அவள் எரிச்சலோடு அதைக் கழற்றி ஒரு காலிப் பெட்டியில் வீசுகிறாள். அவ்வளவுதான், கதை வேறு பக்கம் போய்விடுகிறது. 120ஆம் அத்தியாயத்தில் ஷீரனுக்கு வேறொருவரோடு கல்யாணம் ஆகிறது. மாப்பிள்ளை அவள் பெட்டியில் அந்தச் சிவப்புக் கச்சையைப் பார்த்துவிட்டுத் தன்னிடமிருக்கும் பச்சைக் கச்சையை எடுத்துக் காட்டுகிறான். அதே ஜியாங் யூஹான்! பாவ்யூ ஒரு விளையாட்டில் தன் பணிப்பெண்ணுக்குத் தானே நிச்சயதார்த்தம் செய்துவைத்திருக்கிறான்.

கைக்குட்டையும் அப்படித்தான். 34ஆம் அத்தியாயத்தில் பாவ்யூ, தான் நேசிக்கும் உறவுப் பெண் தாய்யூவுக்குப் பழைய கைக்குட்டைகள் இரண்டை அனுப்புகிறான். கொண்டுபோகும் பணிப்பெண்ணுக்கே குழப்பம், பழசை யாராவது அனுப்புவார்களா என்று. தாய்யூவுக்கு மட்டும் புரிகிறது. அவற்றின் மேல் மூன்று கவிதைகள் எழுதுகிறாள். 97ஆம் அத்தியாயத்தில், சாகக் கிடக்கும்போது, அதைக் கிழிக்கப் பார்க்கிறாள். கையில் தெம்பில்லை; நெருப்பில் போடுகிறாள். நீங்கள் இப்போது படிக்கும் பகுதியில் ஒரு பணிப்பெண் தொலைத்த கைக்குட்டை ஓர் இளைஞன் கையில் கிடைப்பதைக் கவனித்திருப்பீர்கள். அதை இதற்கு ஒத்திகை என்றே நான் படிக்கிறேன்.

பாவ்யூ பிறக்கும்போதே வாயில் இருந்த ஜேட் கல்லைப் பற்றி எல்லோரும் நிறைய எழுதுகிறார்கள். உங்களுக்கு ஒன்று போதும்: பாவ்யூ அதைக் கழற்றி எறியும் இடங்களைக் குறியுங்கள். மூன்றாம் அத்தியாயத்தில் முதன்முறை எறிவது, தாய்யூவிடம் அப்படி ஒரு கல் இல்லை என்று தெரிந்ததும். பின்னால் அவனுக்கு மனைவியாகும் இன்னோர் உறவுப் பெண் பாவ்சாயிடமோ அந்தக் கல்லின் வாசகத்துக்கு இணையான வாசகம் பொறித்த தங்கத் தாயத்து இருக்கிறது. பிரச்சினை முழுவதும் இதற்குள் அடக்கம்.

ஹாக்ஸில் படிப்பதால் ஒரு எச்சரிக்கை. மூலத்தில் சிவப்பாக இருப்பதைப் பல இடங்களில் அவர் வேண்டுமென்றே பச்சையாக்கியிருக்கிறார், ஆங்கில வாசகருக்குச் சிவப்பு அந்த மங்கல உணர்வைத் தராது என்று. பாவ்யூ குடியிருக்கும் இடத்தின் பெயரிலேயே சிவப்பு உண்டு. ஹாக்ஸில் அது பச்சை. கல்யாணப் புடவையும் குங்குமமும் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த மாற்றம் தேவையே இல்லை. பாவ்யூ இருப்பிடத்தின் பெயரில் பச்சை வந்தால் மனதுக்குள் சிவப்பாக்கிக்கொள்ளுங்கள். அப்போதுதான் கடைசி அத்தியாயத்தில் தலை மழித்து, வெறுங்காலோடு, சிவப்புப் போர்வையில் பனியில் நின்று அப்பாவை வணங்குபவன் யாரென்று உறைக்கும்.

இன்னொன்று. ஆசிரியர் 1760களில் இறந்தபோது கையெழுத்துப் பிரதிகளில் புழங்கியவை 80 அத்தியாயங்கள். 120 அத்தியாய அச்சுப் பதிப்பு 1791இல்தான் வந்தது. கடைசி 40 யாருடையது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அதனால் சில குறியீடுகள் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போவதில்லை. ஐந்தாம் அத்தியாய ஏட்டில் ஷியாங்லிங் என்ற பெண்ணுக்கு (ஹாக்ஸில் கால்ட்ரப்) உள்ள படம்: மேலே ஓஸ்மாந்தஸ் என்ற வாசனைப் பூ மரம், கீழே வற்றிய குளம், வாடிய தாமரை. தாமரை அவள். ஓஸ்மாந்தஸ், பின்னால் அவளை வதைக்க வரும் ஜிங்குயியின் பெயர். ஆக, மரம் தாமரையைக் கொல்ல வேண்டும். ஆனால் 103ஆம் அத்தியாயத்தில் ஜிங்குயி அவளுக்கு வைத்த விஷத்தைத் தானே குடித்துச் சாகிறாள். இங்கே உங்கள் வாசிப்பைச் சந்தேகிக்காதீர்கள், படம் சொல்வதை நம்புங்கள்.

கவிதைகளா? ஐந்தாம் அத்தியாயத்தில் இருப்பவற்றை ஒன்றுவிடாமல் படியுங்கள். ஒவ்வொரு பெண்ணின் கதை முடியும்போதும் அங்கே திரும்பிப் போக வேண்டியிருக்கும். 27ஆம் அத்தியாயத்தில் தாய்யூ உதிர்ந்த பூக்களைப் புதைத்துப் பாடுவதையும் விடக்கூடாது. கவிதைச் சங்கத்தில் போட்டி போட்டு எழுதுபவற்றை முதல் வாசிப்பில் தாராளமாகத் தாண்டலாம், யார் ஜெயித்தார்கள் என்பதை மட்டும் பார்த்துக்கொண்டு.