ஆறு ஜோடிச் செருப்பு, இரண்டு பேர்

கேள்வி: அமெரிக்காவில் ஆவணம் இல்லாமல் வசிப்பவர்கள் 1.1 கோடி என்கிறார்கள், 1.4 கோடி என்கிறார்கள். 2 கோடிக்கு மேல் என்றும் படித்தேன். ஒளிந்து வாழ்பவர்களை எப்படி எண்ணுகிறார்கள்?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: யாரும் நேரடியாக எண்ணுவதில்லை அம்மா, கழித்துப் பார்க்கிறார்கள். வெளிநாட்டில் பிறந்து அங்கே வசிப்பவர்கள் எத்தனை பேர் என்பது சென்சஸ் துறை ஆண்டுதோறும் எடுக்கும் மாதிரிக் கணக்கெடுப்பில் தெரியும். அதிலிருந்து குடியுரிமை பெற்றவர், கிரீன் கார்டுக்காரர், முறையான விசாவில் இருப்பவர் எல்லோரையும் கழித்தால் வருவதுதான் அந்த எண். 1980 சென்சஸை வைத்து மக்கள்தொகை ஆய்வாளர்கள் ராபர்ட் வாரனும் ஜெஃப்ரி பாசெலும் இப்படிக் கழித்தபோது சுமார் 20 லட்சம் வந்தது.

கணக்கெடுப்பிலேயே சிக்காதவர்களை என்ன செய்வது? அதற்கு ஒரு உத்தேசம் சேர்க்கிறார்கள். தகராறே அங்கேதான். 2020 சென்சஸில் நியூ ஜெர்சியில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தவள் நான். ஒரு அபார்ட்மென்ட் வாசலில் ஆறு ஜோடிச் செருப்பு கிடந்தது. கதவைத் திறந்தவர் "இரண்டு பேர்" என்றார். ஊரைச் சொல்ல மாட்டேன், ரகசியம் காப்பதாக நான் செய்த சத்தியம் ஆயுளுக்கும் உண்டு. படிவத்தில் குடியுரிமை பற்றிக் கேள்வியே இல்லை. அதைச் சேர்க்கும் முயற்சி 2019இல் உச்ச நீதிமன்றத்தில் நின்றுபோனது. ஆனால் பயம் நிற்கவில்லை. இரண்டு என்றே எழுதிக்கொண்டேன். அந்த சென்சஸில் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரில் ஏறக்குறைய 5 சதவீதம் பேர் விடுபட்டதாகப் பிறகு சென்சஸ் துறையே சொன்னது.

2 கோடிக்கு மேல் என்பது 2018இல் யேல், எம்ஐடி ஆய்வாளர்கள் வேறு வழியில் போட்ட கணக்கு: வந்தவர்கள் எத்தனை, போனவர்கள் எத்தனை என்று. எனக்கு அது ஒப்பவில்லை. 1990களில் மெக்சிகோக்காரர்கள் வேலைக்கு வருவதும் ஊர் திரும்புவதுமாக இருந்தார்கள். அவர்களில் பலரைத் தங்கிவிட்டவர்களாகக் கொண்டால் எண் ஊதிவிடும். கூடுதலாக ஒரு கோடிப் பேர் இருந்தால் பிறப்பு, இறப்புப் பதிவிலாவது தெரியாதா?

1.1 கோடி 2022 ஜனவரிக்கு அரசு சொன்னது. 1.4 கோடி 2023க்கு பியூ ஆய்வு மையம் சொன்னது. இந்த 1.4 கோடியில் சுமார் 60 லட்சம் பேர் புகலிடம் கேட்டுக் காத்திருப்பவர்கள், நாடுகடத்தலிலிருந்து தற்காலிகப் பாதுகாப்பு பெற்றவர்கள் போன்றோர். அவர்கள் ஒளிந்து வாழவில்லை, பெயரும் முகவரியும் அரசிடமே இருக்கிறது. நாடுகடத்தல் பற்றியோ பொதுமன்னிப்பு பற்றியோ பேசுகிறவர்கள் முதலில் இதைப் பிரித்துச் சொல்ல வேண்டும்.

அந்த ஆறு ஜோடியில் இரண்டு, குழந்தைகளுடையவை. ஆவணம் இல்லை என்று பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் மறுக்கக் கூடாது என்பது 1982 தீர்ப்பு. சரி, இடம் கிடைக்கும். ஆனால் பள்ளிகளுக்கு வரும் மத்திய அரசுப் பணத்தில் ஒரு பகுதியை சென்சஸ் துறையின் எண்களை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். நான் எழுதிக்கொண்டு வந்ததில் அந்தப் பிள்ளைகள் இல்லை.