‘இதர’ செலவு 5,200

கேள்வி: நான், மனைவி, பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள் என்று நாங்கள் நான்கு பேர். நானும் மனைவியும் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். சாப்பாட்டுக்கு மட்டும் மாதம் 19,000 ரூபாய் போகிறது. மளிகை 5,800, காய்கறி பழம் 2,900, பால் 2,200, கறி முட்டை 2,000, சிலிண்டர் 900, இதர 5,200. மனைவிக்குக் கை கொஞ்சம் தாராளம். என் அம்மா இதில் பாதிப் பணத்தில் ஏழு பேருக்கு வடித்துக் கொட்டினார். இல்லத்தரசிகளுக்குப் பயன்படும்படி சிக்கனச் சமையல் குறிப்புகளை உங்கள் இதழில் போடக் கூடாதா?
— ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: பெரும்பாலானவர்கள் ‘விலைவாசி தாங்கவில்லை’ என்று எழுதுவதோடு நிறுத்திக்கொள்வார்கள். நீங்கள் தொகை தொகையாக எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். நன்றி. ஆனால் 900 ரூபாய் சிலிண்டருக்குத் தனி வரி கொடுத்த நீங்கள், 5,200 ரூபாயை ‘இதர’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். உங்கள் பட்டியலில் மளிகைக்கு அடுத்த பெரிய தொகை அதுதான். காய்கறியையும் பாலையும் கூட்டினால்கூட அதை எட்டவில்லை. சமைக்கிறவர் வாங்கும் பொருளெல்லாம் பெயரோடு இருக்கிறது. பெயரில்லாமல் இருப்பது வேறு யாரோ செய்த செலவு. யார் என்று நான் சொல்ல வேண்டாம்.

திருப்பூரில் பேக்கரி இல்லாத தெரு எது? காலையில் ஒரு டீ, சாயங்காலம் ஒரு டீயும் பப்ஸும். ஒரு நாளைக்கு 50 ரூபாய் என்று குறைத்தே வைப்போம். 26 வேலை நாளுக்கு 1,300 ஆகிறது. துவரம் பருப்பு கிலோ 130 என்றால் பத்து கிலோ வாங்கலாம். நான்கு பேர் குடும்பத்துக்கு அது மூன்று நான்கு மாதத்துக்கு வரும். டீயே குடிக்காதீர்கள் என்று சொல்லவில்லை, அந்த அளவுக்கு நான் கொடூரமானவன் இல்லை. அதையும் பட்டியலில் எழுதுங்கள் என்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் ஆர்டர் போட்டு வரவழைக்கும் பிரியாணியையும் எழுதுங்கள். பல ஓட்டல்களில் கல்லாவில் இருக்கும் விலை வேறு, செயலியில் காட்டும் விலை வேறு. அதன்மேல் பேக்கிங், டெலிவரி, இன்னும் ஏதேதோ கட்டணம்.

இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. மத்திய அரசின் 2022-23 வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். இந்திய நகரக் குடும்பங்களின் மொத்தச் செலவில் சுமார் 39 சதவீதம் உணவுக்குப் போகிறது. அதே மொத்தச் செலவில் பாலுக்கு ஏறக்குறைய 7 சதவீதம், காய்கறிக்கு 4-க்கும் குறைவு. பானங்கள், வெளிச் சாப்பாடு, பாக்கெட் தின்பண்டம் எல்லாம் அடங்கிய பிரிவுக்கு மட்டும் 10.64 சதவீதம். உணவுப் பிரிவுகளிலேயே அதிகம் அதுதான். நாடு முழுக்கக் கத்தரிக்காய் விலையைப் பற்றிப் புலம்பிவிட்டு, பணத்தை வேறு எங்கோ விடுகிறது.

அடுத்து உங்கள் அம்மா. அவர் சமைத்த காலத்து விலையில் நீங்களும் சமாளித்துவிடுவீர்கள். அதை விடுங்கள். ஏழு பேருக்கு மாவாட்டியது, மிளகாய் காயவைத்தது, புளியில் கொட்டை எடுத்தது எல்லாம் யாருடைய கை? அந்த உழைப்புக்கு யாரும் விலை போடவில்லை, அதனால்தான் செலவு குறைவாகத் தெரிந்தது. உங்கள் மனைவியோ நாள் முழுக்கக் கம்பெனியில் நின்றுவிட்டு வருகிறவர், அவரைப் போய் இல்லத்தரசி என்கிறீர்கள். 2024-இல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் தருகிறார்கள். செய்கிற ஆண்கள் தருவது 88 நிமிடம். செய்யாத ஆண்கள் இந்தக் கணக்கிலேயே வரவில்லை.

அதனால் பெண்களுக்கென்று சிக்கனக் குறிப்பு போடுவதாக இல்லை. உங்களுக்குச் சொல்கிறேன், பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ரேஷன் கடை. கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. கௌரவம் தடுக்கிறதா, வரிசை தடுக்கிறதா தெரியவில்லை. அரிசி கார்டு என்றால் அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் பாக்கெட் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய், நாலு பேருக்கு இரண்டு கிலோ வரை. வெளிக்கடை விலையோடு ஒப்பிட்டால் பருப்பு, எண்ணெய், சர்க்கரை மூன்றில் மட்டும் மாதம் 200 ரூபாய்க்கு மேல் மிஞ்சும். ‘அந்த அரிசியை யார் சாப்பிடுவது’ என்று கேட்காதீர்கள். ரேஷன் புழுங்கல் அரிசியில் இட்லி பூவாக வரும் என்பது தமிழ்நாட்டில் பாதி வீடுகளுக்குத் தெரிந்த ரகசியம். கார்டில் உங்கள் பெயரும் இருக்கும். அந்த மெஷின் உங்கள் விரல் ரேகையையும் ஏற்றுக்கொள்ளும்.

இட்லி என்றதும் மாவுக் கணக்கு வருகிறது. ஒரு கிலோ இட்லி அரிசி 45, கால் கிலோ உளுந்து 35. ஆக 80 ரூபாய்க்குச் சுமார் மூன்று கிலோ மாவு கிடைக்கும். பாக்கெட் மாவு கிலோ 50 என்றால் அதே மூன்று கிலோ 150. வாரம் ஒரு முறை வீட்டில் ஆட்டினால் மாதம் 280 மிச்சம், அரிசி ரேஷனில் வந்தால் 460. உங்கள் ஊர்க் கடை விலையைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள், ஐந்து பத்து மாறலாம். ஆனால் ஒன்று: கிரைண்டரைக் கழுவுவது யார்? வேலையிலிருந்து திரும்பிய மனைவிதான் என்றால் அந்த 460 ரூபாயை நீங்கள் சேமிக்கவில்லை, அவரிடமிருந்து பிடுங்கியிருக்கிறீர்கள். சனிக்கிழமை இரவு நீங்கள் ஊறப்போட்டு, ஆட்டி, கல்லையும் கழுவி வைத்தால் அது சேமிப்பு. உளுந்தை மட்டும் பார்த்து வாங்குங்கள். பழைய உளுந்து பொங்காது, அதை ஈடுகட்ட இன்னும் ஒரு கைப்பிடி போடச் சொல்லும்.

மளிகையில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது எடை. சமையல் எண்ணெய் ஒரு லிட்டர் என்றால் சுமார் 910 கிராம். பக்கத்திலேயே அதே உயரம், அதே அகலத்தில் 850 கிராம், 800 கிராம் பாக்கெட்டுகளும் நிற்கும். 910 கிராம் 150 ரூபாய், 800 கிராம் 138 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ‘12 ரூபாய் குறைவு’ என்று இரண்டாவதை எடுத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்: முதலாவது கிராம் 16.5 காசு, இரண்டாவது 17.25 காசு. மனக்கணக்கு வராதவர்களுக்கும் வழி உண்டு. ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு என்ன விலை என்பதையும் எம்.ஆர்.பி. பக்கத்தில் அச்சிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. எழுத்து பொடியாகத்தான் இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு தேடுங்கள். பெரிய பாக்கெட் என்றாலே மலிவு என்ற நம்பிக்கையும் அப்போது கொஞ்சம் ஆட்டம் காணும். பத்து ரூபாய் பிஸ்கட் பத்து ரூபாயாகவே இருக்க, உள்ளே கிராம் மட்டும் இளைத்துக்கொண்டே போவதும் தெரியும்.

காய்கறிக்கு வருவோம். 1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டத்தின் சந்தை உங்கள் ஊரில் தெற்கிலும் வடக்கிலும் இருக்கிறது. விலையைப் பலகையில் எழுதிப்போடுகிறார்கள், எடையில் ஏய்ப்பதும் குறைவு. விடிகாலையில் போக வேண்டும், அதுதான் பலருக்குக் கசக்கிறது. அங்கே போகும்போது இந்த வாரம் எது மலிவு என்று பார்த்துவிட்டு அப்புறம் என்ன சமைப்பது என்று முடிவு செய்யுங்கள். உங்கள் மாவட்டத்திலேயே மூலனூர், தாராபுரம் பக்கம் முருங்கை காய்த்துத் தள்ளும் மாதங்களில் அள்ளிக்கொண்டு வரலாம். அதே காயை மார்கழியில் விலை கேட்டால் கையை இழுத்துக்கொள்வீர்கள். அந்த மாதத்தில் முருங்கைக்காய் சாம்பார்தான் வேண்டும் என்று வீட்டில் அடம்பிடிப்பவர் யார் என்பதையும் யோசியுங்கள். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100-ஐத் தாண்டி ஏறியபோது அரசே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. அப்படிப்பட்ட மாதத்தில் மோர்க்குழம்பு, கொள்ளு ரசம், பச்சைப்பயறு கடைசல், புளிக்குழம்பு என்று தக்காளியைத் தொடாமலே கொங்கு நாட்டுச் சமையலறை ஓடும். உங்கள் அம்மாவுக்கு இது தெரிந்திருக்கும். மனைவிக்கும் தெரியும். தட்டில் வைத்தால் முகம் சுளிக்காமல் சாப்பிடுவது உங்கள் பொறுப்பு.

தெருவில் ‘மூணு கிலோ அம்பது’ என்று ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு வரும் வண்டியிடம் மட்டும் ஜாக்கிரதை. விலை மலிவுதான். மூன்றில் ஒரு கிலோ அழுகிக் குப்பைக்குப் போனால் மீதி இரண்டு கிலோவை 25 ரூபாய் வீதம் வாங்கியிருக்கிறீர்கள். இந்த வண்டியைக் கண்டதும் கை நிறைய வாங்குவது ஆண்கள்தான் என்பது என் நெடுநாள் அபிப்பிராயம், ஆதாரம் கேட்காதீர்கள்.

கறி விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நான்கு பேருக்கு 2,000 நியாயமான தொகை. புரட்டாசியில் ஊரே சைவத்துக்குப் போகும்போது கோழி விலை பெரும்பாலும் இறங்கும், விரதம் இல்லாதவர்களுக்கு அது லாபம். பாலில் ஒரே ஒரு மாற்றம் செய்யலாம்: பாக்கெட் தயிர் வாங்காமல் வீட்டில் உறை ஊற்றுங்கள். புளியும் வற்றல் மிளகாயும் மாசி, பங்குனியில் புதுசு வரும்போது மொத்தமாக வாங்கி, மல்லியும் சேர்த்து மில்லில் கொடுத்து அரைத்துக்கொண்டால் பாக்கெட் பொடி எதற்கு? காயவைக்க மொட்டை மாடிக்கு ஏறப்போவது நீங்கள்தான் என்ற நிபந்தனை இதற்கும் பொருந்தும்.

சமையல் குறிப்பு கேட்டீர்கள், வெறுங்கையோடு அனுப்ப மனமில்லை. ஞாயிற்றுக்கிழமை இரவு பிரியாணி ஆர்டர் போடும் நேரத்தில் இதைச் செய்யுங்கள்: அரிசிம்பருப்பு சாதம். ஒரே குக்கர், ஒரே அடுப்பு. இரண்டு டம்ளர் அரிசி, அரை டம்ளர் துவரம் பருப்பு, இரண்டையும் கழுவிக் கால் மணி நேரம் ஊறவையுங்கள். குக்கரில் எண்ணெய் ஊற்றி, கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், நாலைந்து பல் பூண்டு வதக்குங்கள். தக்காளி மலிவாக இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். மஞ்சள் தூள், உப்பு, ஏழு டம்ளர் தண்ணீர். கொதித்ததும் அரிசி பருப்பைப் போட்டு மூடி மூன்று விசில். மேலே ஒரு கரண்டி நெய், தொட்டுக்கொள்ள ஊறுகாய், அப்பளம். நான்கு பேர் வயிறு நிறையச் சாப்பிட 100 ரூபாய் பக்கம் ஆகும், ரேஷன் அரிசியும் பருப்பும் என்றால் இன்னும் குறையும். சின்ன வெங்காயம் உரிக்கத்தான் கொஞ்சம் நேரம் பிடிக்கும். பிள்ளைகளையும் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டதும் குக்கரை ஊறப்போடாமல் அன்று இரவே கழுவிக் கவிழ்த்துவிடுங்கள். அடி பிடித்திருந்தால் அதுவும் உங்கள் கணக்கில்தான்.