வெட்டாமல் பழமா?

அன்புள்ள ஐயா,

மே மாத லீவில் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தபோது தாயம் ஆடினோம். எங்கள் அம்மா வீட்டில் எதிராளியின் காயை வெட்டாமலேயே உள்ளே போய்ப் பழம் எடுக்கலாம், அதாவது காயை நடுக்கட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். அத்தையோ ஒரு காயாவது வெட்டினால்தான் உள்ளே விடுவேன் என்கிறார். போனில் தேடி விதியைக் காட்டியும் ஒத்துக்கொள்ளவில்லை. எதுதான் சரியான விதி? சகுனி ஆடியதும் இதே ஆட்டம்தானா?

க.

அன்புள்ள க.,

சகுனியை விடுங்கள். உங்கள் கடிதம் வந்தபோது பரணிலிருந்து இறக்கிய எங்கள் வீட்டுப் பித்தளைத் தாயக்கட்டைகளைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். புள்ளிகளில் அடைத்திருந்த அழுக்கைத் துடைப்பக்குச்சியால் குத்தி எடுக்கவே அரைமணி நேரம் ஆயிற்று.

முதலில் திட்டிவிடுகிறேன். ஆட்டத்துக்கு நடுவே பெரியவர் முகத்துக்கு நேரே போனை நீட்டினீர்களே, அது என்ன பழக்கம்? யார் வீட்டுத் தரையில் கட்டம் போட்டிருக்கிறதோ அந்த வீட்டு விதிதான் விதி. முதல் உருட்டுக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும். உங்களுக்குத் தோற்கும்போதுதான் விதி ஞாபகம் வந்திருக்கிறது.

விதி கொஞ்சம் மாறினாலும் ஆட்டமே வேறாகிவிடும். நாலு பக்கம் உள்ள இரண்டு கட்டைகள் 16 விதமாக விழும். அதில் தாயம், அதாவது ஒன்று, விழுவது 2 விதம். தாயத்துக்குத்தான் காய் இறங்கும் என்றால் சராசரியாக எட்டு உருட்டுக்கு ஒருமுறை இறக்கலாம். ஐந்துக்கும் இறக்கலாம் என்கிற வீட்டில் நாலு உருட்டு போதும்.

வெட்டு விஷயமும் அப்படித்தான். வெட்டாமல் பழம் எடுக்கலாம் என்றால் அது வெறும் ஓட்டப்பந்தயம். மலைக்கு மலை, அதாவது வெட்ட முடியாத கட்டங்களிலேயே, தாவி வீடு போய்ச் சேரலாம், எதிரே இருப்பவரை நிமிர்ந்து பார்க்கக்கூட வேண்டாம். வெட்டினால்தான் என்றால் வாசல்வரை வந்த காய் மறுபடி சுற்றுக்குப் போகும், ஆள் தேடி. எதிராளி மலையில் உட்கார்ந்திருக்கும்வரை தொட முடியாது. அவர் இறங்கட்டும் என்று வேறு காயை நகர்த்தி நேரம் கடத்த வேண்டும். வெட்டுப்பட்டவரோ மறுபடி தாயத்துக்குத் தவம் கிடக்க வேண்டும். அந்த எட்டு உருட்டுக் கணக்கு இப்போது புரிகிறதா? நான் உங்கள் அத்தை கட்சி.

என் அப்பத்தாவும் அதே கட்சிதான். அவருக்குப் புளியங்கொட்டை, எனக்கு உடைந்த வளையல் துண்டு. ஆறு விழுந்தால் ஏழு கட்டம் போவார். ஒருநாள் பொறுக்காமல், "அழுகுணி ஆட்டம் ஆடுற அப்பத்தா!" என்று கத்திவிட்டேன். எனக்குப் பன்னிரண்டு வயது. அவர் ஒன்றும் பேசாமல் காயைப் பின்னுக்கு வைத்து, "இனிமே நீயே எண்ணி வைய்யா" என்றார்.

எண்ணி வைத்தபோதுதான் தெரிந்தது. ஐந்து விழுந்ததை நாலு என்றார். தன் காய் எது, என் காய் எது என்று விரலால் தடவிப் பார்த்துச் சொன்னார். கண்ணில் புரை. அப்படியானால் அத்தனை நாளும் குறைத்தும்தானே நகர்த்தியிருப்பார்? அதற்கு நாங்கள் யாரும் கத்தியதில்லை.

சரி, உங்கள் கேள்வி. சரியான விதி என்று ஒன்று கிடையாது. அடுத்தமுறை போகும்போது போனைப் பைக்குள் போட்டுவிட்டு உட்காருங்கள். அப்புறம், அத்தை வீட்டில் ஐந்துக்குக் காய் இறங்குமா என்று கேட்டு எழுதுங்கள்.