பலமான அரசு எது? இடைக்கால அரசுகள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஓர் அரசில் அதிகாரம் மையத்தில் குவிந்திருக்கிறதா, சிதறியிருக்கிறதா என்று எதை வைத்துச் சொல்வது?

மன்னர் எவ்வளவு கெடுபிடியானவர் என்பதை வைத்து அல்ல. வரியை யார் வாங்குகிறார், வழக்கை யார் தீர்க்கிறார், பதவி மகனுக்குப் போகிறதா என்று பாருங்கள். சோங் சீனாவில் (960-1279) தேர்வு எழுதி வந்த அதிகாரி பேரரசர் பெயரில் வரி தண்டுவார், சில ஆண்டுகளில் வேறு ஊருக்கு மாற்றலாகிவிடுவார். 987-ல் பிரான்சில் முடிசூடிய ஹியூ காப்பேயின் சொல்லோ பாரிஸ், ஆர்லியான் வட்டாரத்தைத் தாண்டிச் செல்லவில்லை. நார்மண்டிப் பிரபு பெயரளவில் அவருக்குக் கட்டுப்பட்டவர். ஆனால் நார்மண்டிக்குள் வரியும் நீதியும் பிரபுவினுடையவை.

கேள்வி: மையம் வலுவாக இருந்தால் நாட்டைப் பிடிப்பது கடினம்தானே?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இங்கிலாந்தையும் பக்கத்திலேயே இருக்கும் வேல்ஸையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

1066-ல் இங்கிலாந்து ஒழுங்காகக் கட்டப்பட்ட அரசு. மாவட்டத்துக்கு மாவட்டம் அரசரின் அலுவலர், நாடு முழுவதும் ஒரே நாணயம், முத்திரையிட்ட ஆணை ஓலைகள் எல்லாம் இருந்தன. அக்டோபரில் ஹேஸ்டிங்ஸ் போரில் அதன் அரசர் ஹாரல்டு மாண்டார். கிறிஸ்துமஸ் அன்று, படையெடுத்து வென்ற நார்மண்டிப் பிரபு வில்லியம் முடிசூடினார். வடக்கில் எழுந்த கிளர்ச்சியை 1069-70-ல் கொடூரமாக நசுக்க வேண்டியிருந்தது உண்மைதான். ஆனால் ஆட்சி இயந்திரத்தை அவர் புதிதாகக் கட்டவில்லை. முதல் சில ஆண்டுகள் அவருடைய ஆணைகள்கூடப் பழைய ஆங்கிலத்திலேயே போயின. 1086-ல் 13,000-க்கும் மேற்பட்ட ஊர்களைக் கணக்கெடுக்க முடிந்ததும் அந்தப் பழைய அமைப்பு கையில் இருந்ததால்தான். ஒரு மாடு, ஒரு பன்றிகூடக் கணக்கில் விடுபடவில்லை, சொல்லவே வெட்கமாக இருக்கிறது என்று அக்கால ஆங்கிலேயத் துறவி ஒருவர் குமுறி எழுதிவைத்தார். தோற்ற நாட்டின் வலி அந்த வரியில் இன்றும் கேட்கிறது.

வேல்ஸில் குவினெத், போவிஸ், தெஹுபார்த் என்று பல அரசுகள். ஒருவரை வீழ்த்தினால் அடுத்தவர் எழுவார். நார்மன்கள் எல்லையோரத்தையும் தெற்குச் சமவெளியையும் பிடித்தார்கள், மலைநாடு பிடிபடவில்லை. 1282-ல் குவினெத் அரசர் லுவெலின் கொல்லப்பட்ட பிறகே இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டு வேல்ஸை முழுதாக அடக்கினார். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று!

கேள்வி: அப்படியானால் சிதறிய அதிகாரமே நல்லதா?

இல்லை. உள்பகை அங்கே ஓயாது. அயர்லாந்தில் லென்ஸ்டர் அரசை இழந்த டெர்மட், அதை மீட்க 1160-களில் தானே ஆங்கிலோ-நார்மன் வீரர்களை அழைத்து வந்தார். வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை.

கேள்வி: சோழர் ஆட்சி எந்த வகை?

ஆய்வாளர்கள் இதில் இன்னும் மோதிக்கொள்கிறார்கள். முதலாம் பராந்தகர் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை (919, 921) கவனியுங்கள். குடவோலை முறையில் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தவர்கள் ஊர்ச் சபையார். ஆனால் அந்த விதிகளை வகுத்தபோது அரசாணைப்படி வந்த அலுவலர் ஒருவர் உடன் இருந்தார் என்பதையும் அதே கல்வெட்டுகள் சொல்கின்றன. பள்ளிப் பாடத்தில் முதல் பாதி மட்டும் வருவது எனக்கு வருத்தம். ஊரின் தன்னாட்சியும் மன்னரின் கையும் அங்கே ஒன்றாகவே இயங்கின என்பது என் கருத்து.

கேள்வி: மைய அரசின் தலைநகர் விழுந்தால் கதை முடிந்ததா?

எல்லா நேரமும் அப்படியல்ல. 1127-ல் வடக்கிலிருந்து வந்த ஜூர்சென்கள் சோங் தலைநகர் கைஃபெங்கைப் பிடித்துப் பேரரசரையும் அவர் தந்தையையும் சிறைகொண்டு போனார்கள். தப்பிய இளவரசர் ஒருவர் தெற்கே அரியணை ஏறினார். வரி தண்டத் தெரிந்த அதிகாரிகள் அங்கே இருந்தார்கள், ஆட்சி மேலும் 150 ஆண்டுகள் நடந்தது. பைசாந்தியப் பேரரசின் தலைநகர் கான்ஸ்டான்டினோபிள் 1204-ல் சிலுவைப் படையிடம் விழுந்தபோது பைசாந்தியப் பிரபுக்கள் இன்றைய துருக்கியில் உள்ள நிகேயாவில் தங்கள் அரசை மீண்டும் நிறுவி, 1261-ல் நகரை மீட்டார்கள். இங்கிலாந்தில் ஹாரல்டுக்குப் பின் அப்படி ஒருவரும் நிலைத்து நிற்கவில்லை. பழைய அரச வம்சத்துச் சிறுவன் எட்கரை அரசராக அறிவித்த பிரபுக்களே சில வாரங்களில் வில்லியத்திடம் பணிந்துவிட்டார்கள்.