ஒரு மாநிலம், ஒரே இருக்கை: வெர்மான்ட் தேர்தல் பற்றி வாசகர் கேள்விகள்

அமெரிக்காவின் சின்ன மாநிலங்களில் காங்கிரஸ் தேர்தல், அதாவது பிரதிநிதிகள் சபை, செனட் என்ற இரு அவைகள் கொண்ட நாடாளுமன்றத்துக்கான தேர்தல், எப்படி நடக்கிறது என்று வாசகர்கள் பலர் கேட்டிருந்தார்கள். பாதிக்கு மேல் வெர்மான்ட் பற்றிய கேள்விகள் என்பதால் இந்த இதழில் அந்த ஒரு மாநிலத்தையே எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: பிரதிநிதிகள் சபையில் 435 உறுப்பினர்கள். அதில் வெர்மான்ட்டுக்கு ஒரே ஒருவர்தானா? யார், எந்தக் கணக்கில் முடிவு செய்கிறார்கள்?

ஆமாம், ஒருவர்தான். 1930 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு இரண்டாவது இருக்கை போனது. 1933 முதல் இன்றுவரை ஒன்றே. 1813 முதல் பத்தாண்டு காலம் இதே மாநிலத்துக்கு ஆறு இருக்கைகள் இருந்தன. மேற்கு மாநிலங்கள் வளர்ந்தன, வெர்மான்ட் வளரவில்லை.

கணக்கு இதுதான். முதல் 50 இருக்கைகள் மாநிலத்துக்கு ஒன்று என்று போய்விடும். மீதி 385-க்கு ஒவ்வொரு மாநிலத்தின் மக்கள்தொகையையும் ஒரு எண்ணால் வகுப்பார்கள். இரண்டாவது இருக்கைக்கு 1-ஐயும் 2-ஐயும் பெருக்கி அதன் வர்க்கமூலம், அதாவது 1.414. மூன்றாவதுக்கு 2-ஐயும் 3-ஐயும் பெருக்கி வர்க்கமூலம், 2.449. இப்படியே மேலே போகும். வரும் ஈவுகளைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தி, மேலிருந்து 385-ஐ எடுத்துக்கொள்வார்கள். 2020 கணக்கெடுப்பில் அந்த வரிசை ஏறக்குறைய 7,63,000-ல் நின்றது. அப்படியென்றால் இரண்டாவது இருக்கை வேண்டுமானால் ஒரு மாநிலத்தில் சுமார் 10.79 லட்சம் பேர் இருக்க வேண்டும். மொன்டானாவில் 10.85 லட்சம் பேர். தப்பித்து இரண்டாவது இருக்கையைப் பெற்றது. டெலவேரில் 9.9 லட்சம், ஒன்றோடு நின்றது. வெர்மான்ட்டில் 6,43,077 பேர்தான், கிட்டேகூட வரவில்லை.

‘சின்ன மாநிலத்துக்கு எப்போதும் சலுகை’ என்று பலர் எழுதுகிறார்கள். பிரதிநிதிகள் சபையைப் பொறுத்தவரை அது சரியில்லை. ரோட் ஐலண்டின் 10.98 லட்சம் பேருக்கு இருவர், டெலவேரின் 9.9 லட்சம் பேருக்கு ஒருவர். பக்கத்துப் பக்கத்து எண்ணிக்கைதான், ஆனால் ஒரு டெலவேர்க்காரரின் ஓட்டுக்கு இங்கே ஏறக்குறைய பாதி எடைதான்.

ஒற்றை இருக்கையில் ஒரு நன்மை உண்டு. தொகுதி எல்லையே கிடையாது. மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி. ஆளுங்கட்சி தனக்கு வசதியாகக் கோடு போட்டுக்கொள்ள வழியில்லை. வேட்பாளர் 14 கவுன்ட்டிகளையும் (நம் மாவட்டம் மாதிரி) சுற்றியே ஆக வேண்டும்.

கேள்வி: ஆறரை லட்சம் பேருக்கு இரண்டு செனட்டர், கலிபோர்னியாவின் நாலு கோடிப் பேருக்கும் இரண்டு. இது நியாயமா?

எங்கள் பார்வையில் நியாயமில்லை. ஆனால் மாநிலத்தின் ஒப்புதல் இல்லாமல் அதன் செனட் சமநிலையைப் பறிக்க முடியாது என்று அரசியல் சாசனமே சொல்வதால், மாறும் வாய்ப்பும் இல்லை. அதன் பலம் என்ன என்பது 2001 மே மாதம் தெரிந்தது. செனட் 50-க்கு 50 என்று நின்ற நேரம். வெர்மான்ட்டின் குடியரசுக் கட்சி செனட்டர் ஜிம் ஜெஃபர்ட்ஸ் கட்சியை விட்டு சுயேச்சையானார். அந்த ஒருவரால் செனட்டின் கட்டுப்பாடு ஜனநாயகக் கட்சிக்குப் போனது, எல்லாக் குழுக்களின் தலைமையும் கைமாறியது.

செனட்டர் பதவி ஆறு ஆண்டு. வெர்மான்ட்டில் பெர்னி சாண்டர்ஸின் இடத்துக்கு 2030-லும், பீட்டர் வெல்ச்சின் இடத்துக்கு 2028-லும்தான் அடுத்த தேர்தல். ஆகவே 2026-ல் காங்கிரஸுக்கு அங்கே இருக்கும் ஒரே போட்டி பிரதிநிதிகள் சபை இருக்கை. இப்போது அதில் இருப்பவர் பெக்கா பேலின்ட். 2022-ல் அவர் ஜெயிக்கும்வரை வெர்மான்ட் ஒரு பெண்ணைக்கூட காங்கிரஸுக்கு அனுப்பியதில்லை. ஐம்பது மாநிலங்களில் கடைசியாக அனுப்பியது அதுதான்.

கேள்வி: மகள் பர்லிங்டனில் இருக்கிறாள். போன வருடம் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. முதல் ஓட்டு போட என்னென்ன செய்ய வேண்டும்? தபாலில் போடலாமா?

முதலில் பெயரைச் சேர்க்க வேண்டும். குடியுரிமை கிடைத்தவுடன் அது தானாக நடக்காது. மாநிலச் செயலர் அலுவலகத்தின் இணையதளத்தில் சேர்க்கலாம், அல்லது நகர கிளார்க் அலுவலகத்துக்கு நேரில் போகலாம். ஓட்டுநர் உரிம எண் வேண்டும். அது இல்லையென்றால் சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நாலு இலக்கம். வெர்மான்ட்டில் வாக்காளர் உறுதிமொழி ஒன்று உண்டு; அதைப் படிவத்திலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும். தேர்தல் நாளன்று வாக்குச்சாவடியில்கூட பெயர் சேர்க்கலாம். ஆனால் அதுவரை காத்திருந்தால் தபால் சீட்டு வராது.

நவம்பர் பொதுத்தேர்தலுக்குப் பட்டியலில் உள்ளவர்களுக்கு மாநிலமே வாக்குச்சீட்டைத் தபாலில் அனுப்பிவிடுகிறது, விண்ணப்பம் தேவையில்லை. செப்டம்பர் கடைசியில் வீட்டுக்கு வந்து சேரத் தொடங்கும். கட்சிகளின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஆகஸ்டில் நடக்கும் முதற்கட்டத் தேர்தலான பிரைமரிக்கு அப்படி வராது, கேட்டு வாங்க வேண்டும். 2026-ல் பிரைமரி ஆகஸ்ட் 11, பொதுத்தேர்தல் நவம்பர் 3.

உறைக்குள் மூன்று பொருள் இருக்கும்: வாக்குச்சீட்டு, சான்று உறை, திருப்பி அனுப்பும் உறை. சீட்டை நிரப்பிச் சான்று உறைக்குள் போட்டு ஒட்டி, அந்த உறையின் மேல் கையெழுத்திட வேண்டும். பிறகு அதைத் திருப்பி அனுப்பும் உறைக்குள் வைக்க வேண்டும். சீட்டுகள் நிராகரிக்கப்படுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கையெழுத்தை மறப்பார்கள், அல்லது சான்று உறையை விட்டுவிட்டுச் சீட்டை நேராக வெளி உறைக்குள் போட்டுவிடுவார்கள். குறை இருந்தால் கிளார்க் தகவல் சொல்வார். தேர்தல் நாள் இரவு 7 மணிக்குள் சரிசெய்தால் ஓட்டு செல்லும். அதனால் வேலையை முன்கூட்டியே முடிப்பது நல்லது. கடைசி நாளில் வந்த உறையில் குறை இருந்தால் திருத்த நேரமிருக்காது.

பிரைமரியில் இன்னொரு சிக்கல். வெர்மான்ட்டில் கட்சி வாரியாக வாக்காளர் பதிவு கிடையாது. எனவே ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி, புரோகிரசிவ் கட்சி ஆகியவற்றின் சீட்டுகள் எல்லாமே உங்கள் மகளுக்குத் தரப்படும். ஏதாவது ஒன்றில் மட்டும் ஓட்டுப் போட்டு, மற்றவற்றை வெற்றாக, அதற்கென்று தந்த உறையில் வைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். ‘தேவையில்லாத காகிதம்’ என்று குப்பையில் போட்டால் போட்ட ஓட்டும் குறையுள்ளதாகிவிடும். யார் எந்தக் கட்சிச் சீட்டை எடுத்தார் என்ற ரகசியத்தைக் காக்கத்தான் இந்த ஏற்பாடு.

தபால் முத்திரைத் தேதி வெர்மான்ட்டில் கணக்கில் வராது. தேர்தல் நாள் இரவு 7 மணிக்குள் உறை தேர்தல் அலுவலர்கள் கையில் வந்து சேர்ந்திருக்க வேண்டும். ஒரு வாரத்துக்கும் குறைவாக இருக்கிறதென்றால் தபாலை நம்பாமல் நகர அலுவலகப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். நேரில் ஓட்டுப் போட மனம் மாறினால், வீட்டுக்கு வந்த வெற்றுச் சீட்டை வாக்குச்சாவடிக்குக் கையோடு எடுத்துப் போக வேண்டும்.

கேள்வி: மருமகன் கிரீன் கார்டில் மான்ட்பீலியரில் இருக்கிறார். நகரத் தேர்தலில் ஓட்டுப் போட்டதாகச் சொல்கிறார். அப்படியானால் காங்கிரஸ் தேர்தலிலும் போடலாம் அல்லவா?

கூடாது. இதைத் தயவுசெய்து இன்றே அவருக்குச் சொல்லிவிடுங்கள்.

மான்ட்பீலியர், வினூஸ்கி, பர்லிங்டன் ஆகிய மூன்று நகரங்கள் சட்டப்படி வசிக்கும் குடிமகன் அல்லாதோருக்கு உள்ளூர்த் தேர்தலில் ஓட்டுரிமை தந்திருக்கின்றன. மார்ச் மாத முதல் செவ்வாய்க்கிழமை நகரக் கூட்ட நாளில் அவர் போட்ட ஓட்டு சட்டப்படியானதே. அந்த உரிமை நகர எல்லையோடு முடிகிறது. அதிபர், செனட், பிரதிநிதிகள் சபை தேர்தல்களில் குடிமகன் அல்லாதவர் ஓட்டுப் போடுவது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். சிறைத் தண்டனை ஒருபுறம் இருக்கட்டும், நாடு கடத்தலுக்கே அது காரணமாகலாம். ‘நகரத்தில் விட்டார்கள், இங்கேயும் விடுவார்கள் என்று நினைத்தேன்’ என்ற விளக்கத்தை நம்பி யாரும் இறங்கக் கூடாது.

தெரியாமல் மாட்டிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் ஓட்டுநர் உரிம அலுவலகம். உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போதே வாக்காளர் பதிவும் சேர்ந்து நடக்கும் ஏற்பாடு 2017 முதல் வெர்மான்ட்டில் இருக்கிறது. குடிமகனா என்று கேட்கும் வரியை அவசரத்தில் தவறாக நிரப்பினால் பெயர் மாநிலப் பட்டியலுக்குப் போய்விடும். நவம்பரில் சீட்டும் வீட்டுக்கு வரும். வந்துவிட்டதாலேயே ஓட்டுரிமை வந்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. சீட்டை நிரப்பாமல் வைத்துக்கொண்டு, பெயரை நீக்கும்படி கிளார்க்குக்கு எழுத்தில் கேட்டு, அந்தக் கடிதத்தின் நகலைப் பத்திரப்படுத்த வேண்டும். குடியுரிமைக்கான என்-400 படிவத்தில் ‘எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்ததுண்டா, ஓட்டுப் போட்டதுண்டா’ என்று கேட்பார்கள். அதை நிரப்பும் முன் குடியேற்ற வழக்கறிஞரைப் பார்ப்பது அவசியம். உள்ளூர்த் தேர்தலில் சட்டப்படி போட்ட ஓட்டையும் அவரிடம் சொல்ல வேண்டும்.

கிரீன் கார்டு உள்ளவர் வேட்பாளருக்கு நன்கொடை தரலாம். ஹெச்-1பி விசாவில் இருப்பவர் தரக் கூடாது.

கேள்வி: பெர்னி சாண்டர்ஸ் சுயேச்சை என்கிறார்கள், ஜனநாயகக் கட்சி என்றும் சொல்கிறார்கள். எது சரி?

வாக்குச்சீட்டில் சுயேச்சை. செனட்டில் ஜனநாயகக் கட்சியின் அணியோடு உட்காருகிறார். அவர் முதல்முறை செனட்டரான 2006-லும், மறுபடி 2018-லும் ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் நின்று ஜெயித்து, பிறகு அந்த வேட்பாளர் தகுதியை வேண்டாமென்று விட்டுவிட்டு சுயேச்சையாகவே பொதுத்தேர்தலைச் சந்தித்தார். கட்சியின் இடத்தில் வேறொருவர் நின்று ஓட்டைப் பிரிக்காமல் தடுக்கும் வழி அது. கட்சிப் பதிவு இல்லாத மாநிலம் என்பதால்தான் இது சாத்தியமாகிறது. வாக்காளர்களும் சீட்டு முழுவதும் ஒரே கட்சி என்று போவதில்லை. 2024-ல் அதிபர் ஓட்டில் கமலா ஹாரிஸ் அங்கே எளிதாக ஜெயித்தார். அதே சீட்டில் குடியரசுக் கட்சி ஆளுநர் ஃபில் ஸ்காட் 70 சதவீதத்துக்கும் மேல் வாங்கினார்.

கேள்வி: தேர்தல் ஆணையம் மாதிரி ஒன்று இல்லாமல் யார் எண்ணுகிறார்கள்?

ஊர்தான் எண்ணுகிறது. ஒவ்வொரு டவுனிலும் கிளார்க் ஒருவர், அவருக்குத் துணையாக உள்ளூர்க் குழு ஒன்று. காலையில் திறக்கும் நேரம் 5 மணியிலிருந்து 10 மணிக்குள் ஊருக்கு ஊர் மாறும். மூடுவது எல்லா இடத்திலும் இரவு 7 மணி. பெரிய ஊர்களில் எண்ணும் இயந்திரம், சிற்றூர்களில் கையால். கையால் எண்ணும்போது வெவ்வேறு கட்சியைச் சேர்ந்த இருவர் ஜோடியாக உட்காருவார்கள். ஒருவர் பெயரைப் படிக்க, மற்றவர் தாளில் கோடு போடுவார். பொதுமக்கள் நின்று பார்க்கலாம். முடிந்ததும் சீட்டுகளைப் பைகளில் போட்டு முத்திரையிடுவார்கள். கூட்டாட்சித் தேர்தல் ஆவணங்களை 22 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அன்றிரவு தொலைக்காட்சியில் வருவது அதிகாரபூர்வமற்ற எண்ணிக்கை. ஒரு வாரம் கழித்துத்தான் மாநில அளவில் கூட்டிச் சான்று தருகிறார்கள்.

கேள்வி: குடியுரிமை பெற்ற இந்தியர் ஒருவர் அங்கே காங்கிரஸுக்கு நிற்கலாமா? எவ்வளவு செலவு, என்ன நடைமுறை?

நிற்கலாம். பிரதிநிதிகள் சபைக்கு 25 வயது, குடிமகனாகி 7 ஆண்டு. செனட்டுக்கு 30 வயது, 9 ஆண்டு. தேர்ந்தெடுக்கப்படும் நேரத்தில் அந்த மாநிலத்தில் குடியிருக்க வேண்டும். பிறப்பால் குடிமகனாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதிபர், துணை அதிபர் பதவிகளுக்குத்தான்.

பெரிய கட்சி ஒன்றின் பிரைமரியில் நிற்க 500 வாக்காளர்களின் கையெழுத்து வேண்டும். ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே கடைசிக்குள் மனுவைக் கொடுத்துவிட வேண்டும். சரியாக 500-உடன் போனால் மாட்டிக்கொள்வீர்கள். பெயர் புரியாத கையெழுத்து, பட்டியலில் இல்லாதவர், போட்டி வேட்பாளருக்கும் கையெழுத்துப் போட்டவர் என்று பல கழிந்துபோகும். 700 வாங்கிக்கொண்டால் நிம்மதி. கையெழுத்துக்குக் கீழே பெயரைத் தெளிவாக எழுதி, ஊரையும் குறிக்கச் சொல்ல வேண்டும்.

பணத்தில் விதி கடுமை. வரவோ செலவோ 5,000 டாலரைத் தாண்டியதும் 15 நாளுக்குள் கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்தில் (இது ஓட்டு எண்ணுவதில்லை, பிரசாரப் பணத்தைக் கண்காணிக்கும் அமைப்பு) வேட்பாளராகப் பதிய வேண்டும். அடுத்த 10 நாளுக்குள் பிரசாரக் குழுவையும் பதிய வேண்டும். பொருளாளர் இல்லாமல் அந்தக் குழு ஒரு டாலரைக்கூட வாங்கவோ செலவழிக்கவோ கூடாது. 2025-26 தேர்தல் சுற்றில் ஒரு தனிநபர் ஒரு வேட்பாளருக்குத் தரக்கூடிய உச்சவரம்பு ஒரு தேர்தலுக்கு 3,500 டாலர். பிரைமரி ஒன்று, பொதுத்தேர்தல் ஒன்று என்று தனித்தனிக் கணக்கு. ரொக்கமாக ஒருவரிடம் 100 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது. மொத்தம் 200 டாலரைத் தாண்டியவரின் பெயர், முகவரி, வேலை எல்லாம் பொதுப் பதிவில் வெளியாகும். நன்கொடை தருபவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை.

கேள்வி: ஜெயிக்க 50 சதவீதம் வேண்டும், இல்லாவிட்டால் சட்டமன்றம் தேர்ந்தெடுக்கும் என்று படித்தேனே?

அது ஆளுநர், துணை ஆளுநர், பொருளாளர் ஆகிய மாநிலப் பதவிகளுக்கு. காங்கிரஸுக்கு அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்தவர், அவ்வளவுதான்.

கேள்வி: இருக்கும் ஒரே உறுப்பினர் பதவி விலகினாலோ இறந்துபோனாலோ?

இடைத்தேர்தல் முடியும்வரை மாநிலத்துக்குப் பிரதிநிதிகள் சபையில் ஓட்டே இருக்காது. அந்த இடத்துக்கு யாரையும் நியமிக்க முடியாது, தேர்தல்தான் ஒரே வழி என்று அரசியல் சாசனம் சொல்கிறது. செனட் இடம் காலியானால் வெர்மான்ட் ஆளுநர் இடைக்காலத்துக்கு ஒருவரை நியமிக்கலாம். பிறகு இடைத்தேர்தல் நடத்த வேண்டும். வயோமிங் போன்ற மாநிலங்களில் ஆளுநருக்கு அந்தச் சுதந்திரமும் குறைவு. காலியான இடத்துக்குரிய கட்சி தரும் மூன்று பெயர்களில் ஒன்றையே அவர் எடுக்க வேண்டும். 2007-ல் வயோமிங்கின் ஜனநாயகக் கட்சி ஆளுநர் டேவ் ஃப்ரூடென்தால், குடியரசுக் கட்சியின் ஜான் பராசோவை நியமித்தது அப்படித்தான்.